முன்னால் பெரிய பெட்டி

பொம்மையன் அண்ணன் அன்றைக்குக் குடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை வெள்ளி, காலை பத்தே காலுக்கு, இரண்டு இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே அவருடைய வலது கை நசுங்கியது. அப்போது அவர் கழுத்தில் பழனிக்குப் போட்ட மாலை கிடந்தது. வயிற்றில் இருந்தது நாலு இட்லியும் ஒரு டம்ளர் வரக்காப்பியும்தான். பக்கத்தில் உட்கார்ந்து தின்றவன் நான். அப்படியிருந்தும் ‘மது அருந்தியிருந்தார்’ என்று ஒரு தாளில் எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. என் பெயர் இனிகோ. இப்போது திண்டுக்கல்லில் குட்டியானை வண்டி ஓட்டிப் பிழைக்கிறேன்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் சித்தையன்கோட்டைப் பக்கம். ஒரு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. கிணறு வற்றியதும் கல்யாணமான கையோடு சிவனம்மாள் மதினியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தார். ராயப்பராஜ் மேஸ்திரி அவரைத் தன் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார். எங்களுக்கு வேலை இரும்புப் பெட்டி இறக்குவது. அடகுக் கடை, சொசைட்டி, மண்டி என்று பணமும் நகையும் பூட்டி வைக்கிற இடத்துக்கெல்லாம் இந்த ஊரிலிருந்து பெட்டி போகும். முந்நூறு கிலோவிலிருந்து ஒரு டன் வரைக்கும் இருக்கும். மேஸ்திரி, முத்துச்சாமி, பொம்மையன் அண்ணன், நான். நாலே பேர்.

பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ பலசாலிகள் செய்கிற வேலை என்று நினைப்பு. மண்ணாங்கட்டி. பலம் யாரிடம் இல்லை? தரையைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு கடைக்குள் நுழைந்தால் அண்ணன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் வெறுங்காலோடு ஒரு நடை போய்வருவார். திரும்பி வந்து, “அந்தா, அந்த இடத்துல புடிக்கும் மேஸ்திரி” என்பார். பெட்டி சரியாக அந்த இடத்தில் போய்ப் பிடிக்கும். நின்றுபோன பெட்டியைக் கிளப்புவதுதான் பாடு. கிளம்பிவிட்டால் பாதிப் பலத்தில் போகும். அதனால் நடுவில் நிறுத்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனைத்தான் எங்கள் தொழிலில் ஆள் என்று மதிப்போம். அப்படிப் பார்த்தால் எங்கள் கோஷ்டியில் ஆள் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

இரண்டு பெட்டி ஒரே வழியாகப் போக வேண்டுமென்றால் ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, பின்னால் இருப்பதைத் தள்ளுவோம். அது முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகும். பெயின்ட் உரசாமல் இருக்க நடுச்சந்தில் ஒரு சாக்கை மடித்துக் கொடுப்போம். இதில் இரண்டு சட்டம் உண்டு. பெரிய பெட்டி எங்கள் கைப்பக்கம், சின்னப் பெட்டி முன்னால். இது முதல் சட்டம். “பெரிசத் தள்ளுனா சின்னதோட பாரம் மட்டுந்தான் சந்துல விழும். சின்னதத் தள்ளுனா பெரிசோட பாரம் அம்புட்டும் சந்துக்குள்ள வந்துரும்” என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்வார். தள்ளுகிறவனுக்கு எப்படித் தள்ளினாலும் ஒன்றுதான். அதே ரெண்டு பெட்டி, அதே தரை, தோளில் அதே வலி. வித்தியாசம் நடுவில் இருப்பவனுக்குத்தான்.

இரண்டாவது சட்டம், சந்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் “கை வெளிய” என்று சொன்ன பிறகுதான் மேஸ்திரி “தள்ளு” என்று குரல் கொடுக்க வேண்டும். பதினாலு வருஷமாகச் சந்துக்கு ஆள் பொம்மையன் அண்ணன்தான். ஒல்லி உடம்பு. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நின்றுகொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு புது அடகுக் கடைத் திறப்பு. கடையின் பெயர் வேண்டாம். பின்னால் நீளமான குறுகல் அறை, பளபளவென்று புது டைல்ஸ். டைல்ஸ் உடையும் என்று இரும்பு உருளை போட முதலாளி விடவில்லை. சாக்கை நனைத்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்து, சோப்புத் தண்ணி ஊற்றித்தான் இழுத்தோம். பெரிய பெட்டி அறைக் கடைசியில் கன்னி மூலையில் உட்கார வேண்டும், அதுவும் பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் உட்கார வேண்டும் என்றார் முதலாளி. பெரியது கடைசி மூலைக்கு என்றால் பெரியது முன்னால் போக வேண்டும். முதல் சட்டம் அங்கேயே போயிற்று.

ஒவ்வொன்றாகக் கொண்டுபோகலாம் என்றார் அண்ணன். நேரம் இல்லை, சேர்த்தே தள்ளு என்றார் மேஸ்திரி. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஐயர் வேறு வந்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் தரையில் ஒரு நடை போய்வந்து, நடுவில் ஒரு டைல்ஸ் தூக்கலாக இருக்கிறது, அங்கே பிடிக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சந்துக்குப் போனார். சின்னப் பெட்டியில் மேஸ்திரியும் முத்துச்சாமியும் நானும் தோளைக் கொடுத்தோம். போயிற்று. சொன்ன இடத்தில் பிடித்தது. பிடித்த வேகத்தில் சின்னப் பெட்டி ஒரு விரற்கடை பின்வாங்கி, நடுவிலிருந்த சாக்கு சரிந்தது. அதைச் சரிசெய்ய அண்ணன் கையை விட்டார். “கை வெளிய” என்று இன்னும் சொல்லவில்லை. நாங்கள் தலையைக் குனிந்து தோளைக் கொடுத்திருந்தோம், அவரைப் பார்க்கவில்லை. மேஸ்திரி “தள்ளு” என்றார். தள்ளினோம்.

பெரிய பெட்டி அசையவில்லை. நாங்கள் மூன்று பேரும் தம் பிடித்துத் தள்ளிய பலம் சந்துக்குப் போயிற்று. அண்ணன் கத்தவில்லை, முனகினார், அதுதான் இன்னும் கொடுமை. ‘கை வெளிய’ என்கிறார் என்று நினைத்து இன்னொரு தடவை தள்ளினோம்.

இரண்டு விரல் அங்கேயே போய்விட்டது. மற்ற இரண்டும் கட்டை போல நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன. பெருவிரல் ஒன்றுதான் ஒழுங்காகத் தப்பியது. புதுக் கடையில் ரத்தம் விழுந்ததே என்று முதலாளிக்குக் கவலை. கேஸ் வந்தால் தன் தொழில் போய்விடும் என்று மேஸ்திரிக்குப் பயம். இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதினார்கள். குடித்துவிட்டு வந்து கவனமில்லாமல் கையை உள்ளே விட்டார் என்று. ஒரு வார்த்தைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேஸ்திரி. முத்துச்சாமி போட்டான். நானும் போட்டேன். வீட்டில் என் மனைவி மரியசெல்விக்கு அப்போது எட்டாம் மாதம். அதற்காகப் போட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. மேஜை முன்னால் நின்றபோது கை தானாகப் பேனாவை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

மதியம் ஆஸ்பத்திரிக்கு மதினி ஓடிவந்தார். மேஸ்திரி அந்தத் தாளைக் காட்டினார். மதினி எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு மேஸ்திரியைக் கேட்கவில்லை, முத்துச்சாமியைக் கேட்கவில்லை. என்னிடம் வந்தார்.

“அப்பு, மாலையோடயா குடிச்சாரு?”

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

மதினி போட்ட சண்டை என்று ஒன்றும் இல்லை. போட்டிருந்தால் தேவலை. மாலை போட்டுக்கொண்டு குடித்தவனின் கையை முருகன் எடுத்துக்கொண்டான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சோறு போட்டார், புண்ணைக் கழுவினார், கட்டுக் கட்டினார். ஆனால் விளக்கை அண்ணன் தொடக் கூடாது, விபூதித் தட்டை எடுக்கக் கூடாது. அன்றைக்கு அவர் கழுத்தில் கிடந்த மாலையைக் கழுவி, ஒரு பாலித்தீன் பையில் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். வருஷா வருஷம் தை பிறந்தால் அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, பச்சைச் சேலை கட்டி, புருஷனுக்காக மன்னிப்புக் கேட்டு வெறுங்காலோடு பழனிக்கு நடப்பார். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி என்று மூன்று நாள் நடை. திரும்பி வந்ததும் அண்ணன் நெற்றியில் அவரே விபூதி பூசிவிடுவார். அன்று ஒரு நாள் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்பார்கள்.

அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார். இடது கையால் கிழிப்பார். ஒரு டன் பெட்டியைத் தண்ணீரில் விட்டது போலக் கொண்டுபோன மனுஷன். கல்யாணத்துக்கு வருகிற பையன்கள், “என்ன பெரியவரே, சீக்கிரம் கிழிங்க” என்று ஹாரன் அடிப்பார்கள். நான் அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். பெட்டி வேலையையும் விட்டேன். ஒரு தவக்காலத்தில் சர்ச்சுக்குப் போய், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், அந்த வீட்டில் போய்ச் சொல் என்றார் சாமியார். சரி என்று எழுந்து வந்தவன்தான். பிறகு அந்தச் சாமியாரே மாற்றலாகிப் போய்விட்டார்.

போன மார்கழியில் அண்ணன் மகள் சத்யபிரியா போன் செய்தாள். நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்த பெண். மதினிக்குச் சர்க்கரை. போன வருஷ நடையில் கொப்புளம் வந்து, புண்ணாகி, வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். இனிமேல் வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “அம்மா இந்த வருசமும் நடக்கப் போறேன்னு நிக்கிது சித்தப்பா. நடந்தா காலே போயிருமாம். நீங்க சொன்னா கேக்கும், வந்து சொல்லுங்க” என்று அழுதாள். நான் சொன்னால் கேட்கும்! சொன்னதைக் கேட்டதால் வந்த வினை என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

முதலில் மேஸ்திரியிடம் போனேன். இப்போது அவருக்கு இரண்டு கிரேன், ஒரு ஆபீஸ். நாம் இரண்டு பேரும் போய் உண்மையைச் சொல்லிவிடுவோம், மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை என்று தெரிந்தால் மதினி நடக்க மாட்டார், கால் பிழைக்கும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏலே, அவனே மறந்துட்டு நிம்மதியா இருக்கான். நீ எதுக்குக் கெளறுற?”

அவர் மறந்திருக்கிறார் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். காப்பி குடிக்கிறாயா என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

தை முதல் ஞாயிறு காலை அண்ணன் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். மதினி காலை நீட்டி உட்கார்ந்து தக்காளி அரிந்துகொண்டிருந்தார், காலில் கட்டு. “வா அப்பு, செத்த நேரம் உக்காரு, வெஞ்சனம் ஆயிரும், சாப்டுட்டுப் போலாம்” என்றார். அண்ணன் சுவரோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அண்ணன் குடிக்கவில்லை, நாங்கள் பொய் எழுதிக் கொடுத்தோம், பெட்டியை மாற்றி வைத்துத் தள்ளினோம், குரல் வருமுன்னே தள்ளினோம், கையை எடுத்தது சாமி இல்லை, நாங்கள்.

மதினி நம்பவில்லை. மகள் சொல்லிக்கொடுத்து, நடையை நிறுத்த நான் கதை கட்டுகிறேன் என்றார். எல்லா வருஷமும் தள்ளுகிற பெட்டி அன்றைக்கு மட்டும் எப்படிக் கையைத் தின்னும் என்று கேட்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுப்படியில் அரிசி டிரம் ஒன்று நிறைந்து இருந்தது. பக்கத்தில் காலி எண்ணெய் டின். இரண்டையும் சிமென்ட் தரையில் இழுத்து வைத்து, நடுவில் ஒரு தக்காளியைக் கொடுத்தேன். முதலில் டிரம் பக்கமிருந்து தள்ளினேன். டிரம் தக்காளியைத் தள்ள, தக்காளி டின்னைத் தள்ள, எல்லாம் ஒழுங்காகச் சுவர்ப்பக்கம் போயின. தக்காளியை எடுத்துக் காட்டினேன், ஒரு கீறல் இல்லை. பிறகு அதே தக்காளியை அங்கேயே வைத்து, டின் பக்கமிருந்து தள்ளினேன். டிரம் அசைவதற்குள் தக்காளி பிதுங்கித் தரையில் வழிந்தது.

“இப்பிடித்தான் மதினி” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதினி கரித்துணியை எடுத்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, அந்தச் சாற்றையும் விதையையும் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ ஏன் சொல்லல?”

“சொன்னேன். ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். மூணு பேரு சொல்றது பொய்யான்னு கேட்ட.”

அண்ணன் கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் பதில் சொல்வதைப் போலச் சொன்னார். மதினி எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தார். மாலையை வெளியே எடுத்துத் தூக்கி எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நான் வந்த காரியம் முடிந்தது, கால் பிழைத்தது என்றுகூட நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள். மதினி அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“இம்புட்டு வருசமா இவரு பாவத்துக்கு நடந்தேன். கட்டுன புருசன நம்பாம, எவன் எவனையோ நம்புனேனே, அது என் பாவமில்லையா? அதுக்கு எவ நடப்பா?”

காலைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினேன். மதினி என்னைப் பார்க்கவே இல்லை. தம்பி, அப்பு என்று எதுவும் சொல்லாமல், “போய்ட்டு வரச் சொல்லு” என்று அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் வண்டி வரைக்கும் என்னோடு வந்தார். கதவைத் திறந்து நான் உட்கார்ந்தேன். பிறகு சொன்னார்.

“எனக்குக் கைதான் போச்சு இனிகோ. அவ நடந்துட்டு வந்தா வருசம் பூரா நிம்மதியா இருப்பா. நானும் நம்மனால அவளுக்கு அதாவது கெடைக்குதேன்னு வாய மூடிட்டுக் கெடந்தேன். அதையும் வந்து புடுங்கிட்டுப் போற.”

பத்து நாள் கழித்து மதினி நடந்தார். இந்தத் தடவை அண்ணனும் கூட நடந்தார். சத்யபிரியா கதறியும் கேட்கவில்லை. கட்டுப் போட்ட காலுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு, ரோட்டோரம் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்கள். நான் குட்டியானையில் தண்ணீர்க் கேனை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தேன். ஒட்டன்சத்திரத்தில் உறைக்குள் ரத்தம் தெரிந்தது. ஏறிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். என் வண்டித் தண்ணீரைக்கூட மதினி தொடவில்லை. பந்தலில் யாரோ கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு நடந்தார். விருப்பாச்சி தாண்டியதும் நொண்ட ஆரம்பித்தார். அண்ணன் தன் தோளில் அவர் கையைப் போட்டுக்கொண்டார். அப்படியே பழனி போய்ச் சேர்ந்தார்கள்.

மாசி பிறக்கும்போது புண் கணுக்கால் வரை ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று கூட்டிப்போக வண்டியோடு போனேன். வேறு வண்டி சொல்லியிருந்தார்கள். மதினியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வார்டுக்கு வெளியே விட்டிருந்தார்கள். கழுத்தில் மாலை இல்லை. வாசல் வரைக்கும் நீளமான வராந்தா, அதற்கப்புறம் ஒரு சரிவு. அண்ணன் மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்றாவது செய்ய வேண்டும் என்று நான் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன்.

அண்ணன் வந்து என் கையை எடுத்துவிட்டார்.

“நீ தள்ளாத” என்றார்.

செருப்பைக் கழற்றி மதினியின் மடியில் வைத்தார். வெறுங்காலோடு வராந்தாக் கடைசி வரை ஒரு நடை போய்த் திரும்பி வந்தார். விறைத்த இரண்டு விரலையும் பெருவிரலையும் கைப்பிடியில் கொடுத்து, எங்கும் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டு போனார்.